வொலஸும் கெப்பெட்டிபொலவும்



கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பகுதியொன்றிலே அமைந்துள்ள எமது பாடசாலையில், சில மாதங்களுக்கு முன்னர், பதினோராந் தரத்து வரலாற்றுப் பாட வேளையிலே ஒரு கேள்வி எழுந்தது. பாட ஆசிரியர் அன்று விடுமுறையில் நின்றமையால், அதிபராகிய யானே வகுப்பை எடுக்க நேர்ந்தது. 1818ஆம் ஆண்டின் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் பற்றிக் கூறி, அதன் தலைவனாக நின்று உயிர்நீத்த கெப்பெட்டிபொல திசாவையின் கதையை முடித்தேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், அவர் எங்களுக்கும் வீரரா? அந்தக் காலத்தில் நாங்கள் இந்த நாட்டுக்கே வரவில்லையே" என்று கேட்டாள்.

கேள்வியில் குறும்பு இல்லை. அவள் அறிய விரும்பியே கேட்டாள். "ஆம்" என்று ஒரு சொல்லிலே விடை சொல்லி அவளை இருத்தியிருக்கலாம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் மனம் ஒப்பவில்லை. "நாளை சொல்கிறேன், அம்மா" என்று கூறிவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு அவள் கேள்வியை மனத்திலே புரட்டிக்கொண்டிருந்தபோது, என் எண்ணம் எங்கெங்கோ சுற்றி ஈற்றில் ஸ்கொத்லாந்திலே போய் நின்றது. ஏன் ஸ்கொத்லாந்து என்று நேயர்கள் வியக்கக்கூடும். கெப்பெட்டிபொலவின் தலை நெடுங்காலம் கிடந்தது அந்த நாட்டின் தலைநகரிலேயாகும். அத்துடன், தோற்றுப்போன ஒரு வீரன் எழுநூறு ஆண்டுகளாக எவ்வாறு வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பதை உலகுக்குக் காட்டிய நாடும் அதுவே.

அந்த வீரனின் பெயர் வில்லியம் வொலஸ். அவன் பிறந்த ஆண்டும் ஊரும் இன்றும் வாதத்துக்கு உரியவை. பெரும் பிரபு குலத்தவன் அல்லன்; சிறு நிலவுடைமைக் குடும்பத்தவன். 1296ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட் ஸ்கொத்லாந்தின் மீது படையெடுத்து, அந்நாட்டு மன்னனை அகற்றி, மன்னர்கள் முடிசூடும்போது அமரும் ஸ்கோன் கல்லையும் பெயர்த்து இலண்டனுக்குக் கொண்டு சென்றான். நாட்டின் பெருங்குடிப் பிரபுக்கள் பலர் எட்வேட்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்துகொண்டனர். மறு ஆண்டிலேயே வொலஸ் கிளர்ந்தெழுந்தான். வடபகுதியிலே அண்ட்று மறே என்பவன் அவ்வாறே எழுந்தான். இருவரும் கூடி, 1297ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, ஸ்டெர்லிங் என்னும் இடத்திலே ஆங்கிலப் படையை எதிர்கொண்டனர்.

அந்தப் போரின் உபாயம் எளியது. ஆற்றுக்குக் குறுக்கே ஒடுங்கிய மரப்பாலம் ஒன்று இருந்தது. குதிரை வீரர் இருவர்தாம் அதிலே ஒருங்கே செல்லலாம். ஆங்கிலப் படையிலே ஒரு பகுதி பாலத்தைக் கடக்கும் வரையில் ஸ்கொத்லாந்தியர் பொறுத்திருந்தனர். பின்பு பாலத்தின் தலைமாட்டைப் பற்றிக்கொண்டு, கடந்து வந்தோரை மட்டும் தனியே மடக்கினர். அக்கரையில் நின்ற பெரும்படை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலவில்லை. இவ்வெற்றிக்குப் பின் அடுத்த மாதமே வொலஸும் மறேயும் ஜெர்மானிய வணிக நகரங்களாகிய லூபெக்குக்கும் ஹம்பேர்க்குக்கும் கடிதம் எழுதினர். தமது நாடு மீண்டும் விடுதலை பெற்றுவிட்டது, வணிகர்கள் அச்சமின்றி வரலாம் என்பது அதன் கருத்து. வாளைத் துடைத்துவிட்டு வணிகத்தை நினைத்த அந்தக் கடிதத்தை, யான் அவனுடைய போர்களிலும் பெரிதாக மதிக்கின்றேன்.

வெற்றி நீடிக்கவில்லை. 1298 ஜூலையில் பால்கேர்க் போர்க்களத்திலே எட்வேட்டின் வில்லாளர் முன் வொலஸின் ஈட்டிப்படை சிதைந்தது. நாட்டுக் காவலன் என்னும் பதவியை அவன் துறந்தான். பிரெஞ்சு மன்னனின் ஆதரவை நாடினான். தாயகம் மீண்டு மறைந்து வாழ்ந்தான். 1305 ஓகஸ்டிலே, கிளாஸ்கோ நகருக்கு அண்மையில், ஜோன் மென்ரீத் என்னும் ஸ்கொத்லாந்தியப் பிரபு ஒருவனே அவனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தான். அம்மாதம் 23ஆம் திகதி இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலே விசாரணை நடந்தது. இராஜத்துரோகக் குற்றச்சாட்டுக்கு அவன் கூறிய மறுமொழி, எட்வேட்டுக்கு யான் ஒருபோதும் குடியாக இருந்ததில்லை, ஆதலின் துரோகி ஆகேன் என்பதாகும். அன்றைக்கே அவனைக் கொடிய முறையிலே கொன்று, தலையை இலண்டன் பாலத்திலே நட்டனர். அங்கங்களை நான்கு ஊர்களிலே தொங்கவிட்டனர். அவனுக்குக் கல்லறை இல்லை.

ஆயின், அவன் மறக்கப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின் பனொக்பேர்ன் களத்திலே ஆங்கிலேயரை வென்று நாட்டின் விடுதலையை நிலைநிறுத்தியவன் றொபேட் புரூஸ். ஆயினும், முற்காலத்திலே எட்வேட்டுக்குப் பணிந்தும் முரண்டும் மாறிமாறி நின்ற புரூஸைக் காட்டிலும், ஒரு போதும் பணியாத வொலஸையே மக்கள் நெஞ்சம் பற்றிக்கொண்டது. அவன் இறந்து ஏறத்தாழ 170 ஆண்டுகளின் பின், அந்த ஹரி என்று பெயர் பெற்ற புலவன் ஒருவன் அவன் மீது நீண்ட காவியம் ஒன்று பாடினான். அதிலே வரலாறு பாதி, கற்பனை பாதி. ஆயினும் பல நூற்றாண்டுகளாக ஸ்கொத்லாந்துக் குடிசைகளிலே வேதநூலுக்கு அடுத்தபடி படிக்கப்பட்டது அந்தக் காவியமே. உழவர் மகனாகிய கவிஞர் றொபேட் பேர்ன்ஸ், தமது நாட்டுப்பற்றை ஊட்டியது இளமையிலே படித்த வொலஸின் கதையே என்று எழுதியிருக்கின்றார்.

எமது பெற்றோர் பாட்டன்மார் அறிந்த கட்டபொம்மனின் நிலையும் அத்தகையதே அன்றோ. 1799 ஒக்டோபரிலே கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரன் கல்வெட்டாலும் சாசனத்தாலும் நிலைக்கவில்லை. கதைப்பாடலாலும் கூத்தாலும் நிலைத்தான். 1959ஆம் ஆண்டிலே சிவாஜி கணேசன் நடித்த திரைப்படத்தால் கடல் கடந்தும் பரவினான். வொலஸுக்கும் 1995ஆம் ஆண்டிலே ஒரு திரைப்படம் கிடைத்தது. ஸ்டெர்லிங் பாலப் போரிலே பாலத்தையே காட்டாமல் விட்ட அந்தப் படத்தை வரலாற்றாசிரியர் எவரும் மெச்சார். எனினும் கோடிக்கணக்கானோர் வொலஸின் பெயரைக் கேட்டது அதன் பின்புதான்.

ஒரு செய்தியை இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். ஸ்டெர்லிங் நகருக்கு அருகே குன்றொன்றின் மேல் வொலஸின் நினைவுக் கோபுரம் நிற்கின்றது. உயரம் 220 அடி. 1861ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, 1869ஆம் ஆண்டில் முடித்தார்கள். கட்டியவர்கள் யாவர்? இங்கிலாந்திலிருந்து பிரிய விரும்பியவர்கள் என்று எண்ணத் தோன்றும். அன்று, அவர்களுட் பெரும்பாலோர் 1707ஆம் ஆண்டின் ஐக்கியத்தை மனமுவந்து ஏற்றவர்கள். வொலஸ் எதிர்த்து நின்றமையாலேயே ஸ்கொத்லாந்து வெல்லப்பட்ட நாடாகவன்றி, சமமான நாடாக ஐக்கியத்திலே சேர முடிந்தது என்பது அவர்கள் வாதம். அதே வேளையில் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியும் ஹங்கேரியத் தலைவர் கொசூத்தும் அக்கோபுரத்தை வாழ்த்திக் கடிதம் அனுப்பினார்கள். பிற்காலத்திலே, தனிநாடு வேண்டியவர்களும் அதே வொலஸையே கொடியாகப் பிடித்தார்கள். 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பிலே நூற்றுக்கு 55 பேர் தனிநாடு வேண்டாம் என்றனர். வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் வொலஸைத் தம்மவன் என்றே கொண்டாடினர். ஒரு வீரன் விட்டுச்செல்லும் செல்வம் இத்தகையது. அதனை யார் யார் எந்தத் தேவைக்கு எடுத்து வழங்குவார்கள் என்பது அவன் கையில் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை பிரகடனமாயிற்று. கண்டியின் இறுதி மன்னனாகிய, நாயக்கர் வமிசத்து ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் முடியிழந்தான், வேலூருக்கு அனுப்பப்பட்டான். உடன்படிக்கையிலே ஒப்பமிட்ட கண்டிப் பிரதானிகளுள் ஊவாவின் திசாவையாகிய மொனரவில கெப்பெட்டிபொலவும் ஒருவர். வொலஸ் எட்வேட்டுக்குப் பணிந்ததில்லை. கெப்பெட்டிபொலவோ ஆங்கிலேயருக்கு ஒப்பமும் இட்டார், அவர்கள் கீழ்ப் பதவியும் வகித்தார். இந்த வேற்றுமையை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஓர் அதிகாரி எங்ஙனம் கிளர்ச்சிக்காரன் ஆனான் என்பதிலேதான் அவருடைய பெருமை தங்கியிருக்கின்றது.

1817ஆம் ஆண்டிலே வெல்லஸ்ஸப் பகுதியில் துரைசாமி என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன் தோன்றினான். பதவியிழந்த மன்னனின் உறவினன் யான், கண்டியின் முடிக்கு உரியவன் யான் என்றான். உண்மையிலே அவன் வில்பாவே என்னும் ஊரைச் சேர்ந்த, துறவாடையைக் களைந்த ஒரு பிக்கு. அவன் மீது நடவடிக்கை எடுக்கச் சென்ற பதுளையின் உதவி வதிவாளர் வில்சன் செப்டெம்பரிலே அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிவருமாறு ஆள்பதி பிரவுன்றிக், கெப்பெட்டிபொலவை ஒரு படையுடன் அனுப்பினார். சென்றவர் கிளர்ச்சிக்காரரைக் கண்டார். அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டார். சேருமுன் அவர் செய்த ஒரு செயல்தான் இலங்கை மக்கள் நாவிலே இன்றும் நிற்கின்றது. ஆங்கிலேயர் தமக்குக் கொடுத்த துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் அவர்களுக்கே திருப்பி அனுப்பிவைத்தார். ஒருவர் தந்த ஆயுதத்தால் அவரையே சுடுவது அறமன்று என்பது அவர் கருத்து. போர்த் தந்திரம் வல்லார் இதனைப் பேதைமை என்பர். அவருக்கு அது பேதைமையாகத் தோன்றவில்லை.

போர் கொடியது. ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் ஊர்கள் கொளுத்தப்பட்டன. நெல்லும் கால்நடையும் பறிபோயின. நீர்ப்பாசன வசதிகள் பாழாயின. அன்று நாட்டிலிருந்த ஆங்கிலேயரே கண்டியரின் இழப்பைப் பத்தாயிரம் அளவிலே மதிப்பிட்டனர். ஆங்கிலப் படையிலே மாண்டவருட் பெரும்பாலோர் வெடிக்கன்றிக் காய்ச்சலுக்கு இரையானவர்கள். இடையிலே துரைசாமி போலி என்பது வெளிப்பட்டது; மடுகல்லே என்னும் பிரதானி அவனைப் பிடித்துத் தொழுவிலே மாட்டினான். கிளர்ச்சியின் முதுகெலும்பு முறிந்தது. 1818 ஒக்டோபர் இறுதியிலே அநுராதபுரத்துக்கு அண்மையிலே கெப்பெட்டிபொல பிடிபட்டார். நவெம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையிலே அவரும் மடுகல்லேயும் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

அன்று காலை நிகழ்ந்ததை நாம் அறிவது ஒரு ஸ்கொத்லாந்தியர் வாயிலாக. ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர் அவர். வொலஸ் வென்ற ஸ்டெர்லிங் அமைந்துள்ள அதே ஸ்டெர்லிங்சயரிலே, கில்சித் என்னும் ஊரிலே பிறந்தவர். தாம் கண்டதைப் பிற்காலத்திலே, 1846ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே பதிந்திருக்கின்றார். கெப்பெட்டிபொலவைத் தலதா மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். முன்னர் அவரோடு பழகிய ஆங்கில அதிகாரி சோயர்ஸ் உடன் சென்றார். திசாவை தம் அரையிலிருந்த துணியைக் களைந்து புனித தந்தத்துக்குக் காணிக்கையாக்கினார். துணி கந்தலாகவும் அழுக்காகவும் இருக்கலாம், அதனாலே கொடையின் புண்ணியம் குறையாது என்றாராம். கொலைக்களத்திலே நின்று சிறு ஏடொன்றிலிருந்து பாளி வாசகங்களை ஓதினார். ஓதி முடித்து அந்த ஏட்டைச் சோயர்ஸிடம் சேர்க்கும்படி ஒருவரிடம் கொடுத்தார். வாள் ஒரு வீச்சிலே தன் வேலையை முடிக்கவில்லை. இரண்டாம் வீச்சும் வேண்டியிருந்தது.

மார்ஷல் அவ்வீரரைப் பற்றி எழுதிய தீர்ப்பு உலகறிந்தது. கிளர்ச்சி வென்றிருந்தால் அம்மனிதர் தேசபக்தர் எனப் போற்றப்பட்டிருப்பார், தோற்றமையாலேயே துரோகி என இகழப்பட்டார் என்பது அதன் சாரம். வெற்றி பெற்ற படையிலே ஊதியம் பெற்ற ஒருவர் இதனை எழுதினார் என்பதை நினைக்கவேண்டும். ஸ்டெர்லிங்சயரிலே பிறந்த ஒருவர், இலண்டனிலே துரோகியென்று கொல்லப்பட்டுத் தாயகத்திலே தேசபக்தனென்று போற்றப்பட்ட வொலஸின் கதையைக் கேளாமல் வளர்ந்திருக்க இயலாது. அந்தக் கதையே அவர் கண்ணைத் திறந்தது என்று கருதுவதற்கு எனக்குத் தடையில்லை.

ஆயினும் அதே மார்ஷல்தான் கெப்பெட்டிபொலவின் தலையையும் எடுத்துச் சென்றார்.

அக்காலத்திலே ஐரோப்பாவிலே மண்டையோட்டுச் சாஸ்திரம் என்ற ஒன்று மோகம் பெற்றிருந்தது. மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவி, ஒரு மனிதனின் வீரம், கருணை, பேராசை முதலியவற்றை அளந்துவிடலாம் என்று கற்றறிந்தோரும் நம்பினார்கள். 1820ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரில் இதற்கென ஒரு சங்கமே தோன்றிற்று. குற்றவாளிகள், மேதைகள், அயல்நாட்டவர் என்று பலருடைய மண்டையோடுகள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டன. கெப்பெட்டிபொலவின் மண்டையோடும் அவற்றினிடையே வைக்கப்பட்டது. அவருடைய நெஞ்சுரத்தை எந்த மேட்டிலே தேடினார்களோ! இன்று அந்தச் சாஸ்திரத்தை எவரும் மதிப்பதில்லை; பொய்ச் சாஸ்திரம் என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் அதன் பொருட்டுத் தலைகள் பிரயாணம் செய்தது மெய். 2019ஆம் ஆண்டிலே எடின்பரோ பல்கலைக்கழகம் நம் நாட்டு வேடர் மூதாதையர் ஒன்பது பேரின் மண்டையோடுகளை அவர்கள் தலைவரிடம் திருப்பி அளித்த செய்தியை நேயர்கள் பத்திரிகைகளிலே படித்திருப்பீர்கள்.

இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னர் கெப்பெட்டிபொலவின் தலையும் மீண்டது. 1954ஆம் ஆண்டிலே, கண்டியிலே, அவர் இறுதியாக வணங்கிய தலதா மாளிகையின் முன்றிலிலே, அதனை அடக்கம் செய்து நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். கண்டி மன்னர்களின் சிம்மாசனம் 1934ஆம் ஆண்டிலே விண்ட்சரிலிருந்து திரும்பி வந்தது. ஸ்கொத்லாந்தியரின் ஸ்கோன் கல்லும் 700 ஆண்டுகளின் பின், 1996ஆம் ஆண்டிலே எடின்பரோவுக்கு மீண்டது. பொருளைத் திருப்பித் தருவது எளிது. பெயரைத் திருப்பித் தருவதற்குக் காலம் செல்லும். 1818ஆம் ஆண்டிலே கெப்பெட்டிபொல முதலியோரைத் துரோகிகள் என அறிவித்த பிரகடனம் 2016ஆம் ஆண்டிலேதான் இரத்துச் செய்யப்பட்டு, அவர்கள் தேசிய வீரர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அதுவரை, சட்டப் புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையிலே, சுதந்திர இலங்கையும் பிரவுன்றிக்கின் வாக்கையே ஏற்றுக்கொண்டிருந்தது போலும்!

இவ்விடத்திலே எமது கேகாலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சதர கோறளை, அதாவது நாற்கோறளை, என்று பழங்காலத்திலே வழங்கிய நிலப்பகுதி இந்த மாவட்டத்திலே அடங்கும். 1818ஆம் ஆண்டிலே ஊவாவும் வெல்லஸ்ஸவும் மாத்தளையும் தும்பறையும் எழுந்தன. நாற்கோறளை எழவில்லை. இப்பகுதியிலே செல்வாக்குடன் விளங்கிய மொல்லிகொட அதிகார் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் படையும் உணவும் செல்லும் வழியைத் திறந்து வைத்திருந்தார். அந்த வழி அடைபட்டிருந்தால் கண்டியிலே சிக்கியிருந்த ஆங்கிலப் படையின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஆங்கிலேயரே பின்னர் நினைந்து அஞ்சினர். ஸ்கொத்லாந்துக்கு ஒரு மென்ரீத். நமக்கு ஒரு மொல்லிகொட. ஆயினும் மொல்லிகொடவை மென்ரீத்தோடு ஒரே தட்டிலே வைத்து நிறுப்பதற்கு யான் தயங்குகின்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் இட்ட ஒப்பத்தைக் காப்பாற்றினார் என்றும் சொல்லலாம். மக்களை ஊவாவுக்கு நேர்ந்த அழிவிலிருந்து காத்தார் என்றும் சொல்லலாம். வரலாற்றுப் பாடத்திலே வீரர் பெயர் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடமே கிடைக்கும்.

எமது மாணவர்களைக் கேட்டால், கேகாலையின் வீரன் யார் என்ற வினாவுக்கு, உத்துவன்கந்தைச் சரதியேல் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். மாவனல்லைக்கு அருகே குன்றிலே மறைந்து வாழ்ந்து, 1864ஆம் ஆண்டிலே தோழன் மம்மலே மரிக்காருடன் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன் அவன். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்பது கதை. வொலஸைக்கூட ஆங்கிலேயர் கொள்ளைக்காரன் என்றுதான் எழுதினார்கள். ஆதலின் பிள்ளைகளைக் குறைகூற மாட்டேன். வீரனும் கள்வனும் வேறாகும் இடம் எது என்று ஒரு நாள் அவர்களை விவாதிக்க விட்டேன். மணியடித்த பின்னும் ஓயவில்லை.

இனி, மாணவியின் கேள்விக்கு வருகின்றேன்.

1818ஆம் ஆண்டின் கிளர்ச்சியிலிருந்து ஆங்கிலேயர் கற்ற பாடம் ஒன்று. படை விரைந்து செல்ல ஒரு பாதை இருந்தாலன்றி மலைநாட்டைக் கட்டியாள முடியாது என்பதே அப்பாடம். ஆதலின் 1820ஆம் ஆண்டளவிலே கொழும்பு கண்டிப் பாதையை வெட்டத் தொடங்கினார்கள். அது எமது கேகாலையூடாக, கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்துகொண்டு மேலே சென்றது. அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையிலே இன்றும் நிற்கின்றது. பாதை வந்தது, பாதை வழியே கோப்பி வந்தது. 1824ஆம் ஆண்டளவிலே கம்பளைக்கு அண்மையிலே ஜோர்ஜ் பேர்ட் முதற் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டுக்கும் சேனைக்கும் அரசை உரிமையாக்கியது. கண்டியக் கிராமத்தவரின் பொதுநிலம் துரைமார் கைக்குப் போயிற்று. அந்நிலத்திலே உழைக்கத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மக்கள் நடந்து வந்தார்கள். அவர்களே எம் முன்னோர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. சப்பிரகமுவைத் தாழ்மலைகளிலே றப்பர் வந்தது. துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தியர். ஸ்டெர்லிங்கிலே வொலஸின் கோபுரம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளிலே, 1867இல், ஸ்கொத்லாந்தியராகிய ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிலே தேயிலைப் பயிரைத் தொடங்கினார். டன்சினன், ஹோலிரூட், பல்மோரல், வேவர்லி என்று தோட்டங்களுக்குத் தம் நாட்டுப் பெயர்களையே சூட்டினார்கள். வொலஸின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இங்கே வேறொருவர் நிலத்திலே துரைகளாக அமர்ந்தார்கள். அதனை அவர்கள் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தார்களோ, என்னவோ.

ஆகவே மறுநாள் வகுப்பிலே யான் சொன்னது இதுதான். "அம்மா, கெப்பெட்டிபொல தோற்றதனாலே அந்தப் பாதை வந்தது. பாதை வந்ததனாலே உன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கே வந்தார். அவர் கதை முடிந்த இடத்திலே உன் கதை தொடங்குகிறது. அவர் உன் உறவினர் அல்லர் என்பது சரி. ஆனால் அவரை விட்டுவிட்டு உன் கதையை எழுத முடியாது."

அத்துடன் இன்னொன்றும் சொன்னேன். கண்டியரின் அந்தக் கிளர்ச்சி எந்தப் பெயரின் கீழ் திரண்டது? துரைசாமி என்னும் பெயரின் கீழ். அவன் போலி என்பது வேறு. மலைநாட்டுச் சிங்கள மக்கள் பல்லாயிரவர், தென்னிந்திய நாயக்கர் வமிசத்து இளவரசன் என்று நம்பி, ஒரு தமிழ்ப் பெயருக்காக உயிர் கொடுக்க முன்வந்தார்கள் என்பது மெய். இவ்வினத்தவன் அவ்வினத்தவன் என்று நாம் இன்று கிழிக்கும் கோடு அன்று அந்த இடத்திலே இருக்கவில்லை. அவ்வாறே 1803ஆம் ஆண்டிலே முல்லைத்தீவிலிருந்து ஆங்கிலேயரை விரட்டிய பண்டார வன்னியனும் கண்டி அரசுடன் தொடர்பு கொண்டே போரிட்டான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் டிறிபேர்க் தன்னை வென்றான் என்று பொறித்துக் கற்சிலைமடுவிலே நாட்டப்பட்ட கல்லே, காலப்போக்கிலே தோற்றவனுக்குரிய நினைவுக்கல்லாக மாறிவிட்டது. வென்றவனைத் தேடி அங்கே எவரும் செல்வதில்லை.

மாணவி சற்று நேரம் பேசாமலிருந்தாள். பின்பு, "அப்படியென்றால் மொல்லிகொட பாதையை அடைத்திருந்தால் நாங்கள் வந்திருக்கவே மாட்டோமா, சேர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கு விடை கூற எந்த வரலாற்றாசிரியராலும் ஆகாது.

ஆண்டு இறுதியிலே கண்டிக்குக் கல்விச் சுற்றுலா போவது எமது பாடசாலையின் வழக்கம். பேராதனைப் பூங்கா, வாவி, மாளிகை, பின்பு கடைவீதி என்று நிரல் பல்லாண்டாக மாறாதது. இம்முறை பிள்ளைகளே இரண்டு இடங்களைச் சேர்த்து எழுதி என் மேசையிலே வைத்திருக்கின்றார்கள். ஒன்று, போகும் வழியிலே கடுகண்ணாவைக் கோபுரத்தடியிலே கால்மணி நேரம். மற்றையது மாளிகை முன்றிலிலுள்ள கெப்பெட்டிபொலவின் நினைவுச் சின்னம். பேருந்துச் சாரதி கடுகண்ணாவை ஏற்றத்திலே நிறுத்த இடமில்லை என்று முணுமுணுக்கின்றார். அவரோடு பேசிப் பார்க்கவேண்டும்.